கமலாம்பிகையின் பதினொரு நாள்

ஐந்து வருடம் லண்டனில் இருந்தும் கமலாம்பிகையின் பெயரில் ஒரு காகிதம் கிடையாது. 1988இல் வந்து இறங்கியபோது கணவர் சபாரத்தினம்தான் அகதி விண்ணப்பம் போட்டார். அதில் அவள் ஒரு வரி: மனைவி, சார்ந்திருப்பவர். மகள் கலாவதி அடுத்த வரி. அகதிகளைப் பார்க்கும் அரசாங்கத் திணைக்களமான ஹோம் ஒபிஸ் முடிவு சொல்லும்வரை அவருடைய ஃபைலின் தயவில் அவர்களும் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் இருக்கலாம். 1993 மாசியில் சபாரத்தினம் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஃபைலும் அவரோடு போயிற்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் இறந்தபடியால் வழக்கு முடிந்தது. சார்ந்திருந்தவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும். கமலாம்பிகை அதை இரண்டு தரம் வாசித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் கோப்பை கழுவிக் கழுவியே ஆங்கிலம் பிடித்தவள் அவள். யாரிடமும் கொடுத்து வாசிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த கிழமையே ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்துத் தன் பெயரில் விண்ணப்பம் போட்டாள்.

சொல்ல அவளிடம் சொந்தக் கதை இருந்தது. 1987இல் ஊரில் ஆமிக்காரர் சபாரத்தினத்தைத் தேடி அவருடைய சைக்கிள் கடைக்கு வந்தார்கள். அவர் இல்லை. கடையில் நின்ற கமலாம்பிகையை ஏற்றிக்கொண்டு போனார்கள். முகாமில் பதினொரு நாள் இருந்தாள். திரும்பி வந்த அன்று சபாரத்தினம் அவள் காலடியில் குந்தியிருந்து அழுதார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எடுக்காதவர் லண்டனில் மட்டும் எடுப்பாரா? விசாரணையில் அதிகாரி கேட்டார், உங்கள் மனைவிக்கு ஏதும் நடந்ததா என்று. “இல்லை, அவள் வீட்டில்தான் இருந்தாள்” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மனுசன் கெட்டவரில்லை. மானத்தைக் காப்பாற்றினாராம். யாருடைய மானத்தை என்று கேட்க இப்போது ஆள் இல்லை. அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு ஹோம் ஒபிஸ் அவளுடைய விண்ணப்பத்தைத் தள்ளியது: கணவரே ஒன்றும் நடக்கவில்லை என்கிறார், ஆகவே உங்களை நம்புவதற்கில்லை. இனி மிச்சமிருந்தது மேல்முறையீடு ஒன்றுதான். அதிலும் தோற்றால் தாயையும் மகளையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

வழக்குக்கு முந்திய ஞாயிறு தென்லண்டன் மிட்சம் பகுதியிலிருந்து கொழுந்தன் கணேசலிங்கம் பெண்சாதி சிவனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய விண்ணப்பமும் இன்னும் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் புத்தி சொல்ல அதெல்லாம் தடையா?

“மச்சாள், அண்ணை சொன்னது பொய் எண்டு கோட்டில சொல்லப் போறியளே?”

“பொய்தானே, தம்பி.”

“சனம் என்ன கதைக்கும்? நாளைக்குப் பிள்ளையை ஆர் கலியாணம் பேசி வருவினம்? வேற ஏதும் சொல்லிப் பாருங்கோவன்.”

“எங்களைப் பிளேனில ஏத்திவிட்டா, அங்க பிள்ளைக்கு ஆர் மாப்பிள்ளை பாக்கிறது? ஆமியே?”

சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயும் அவள் குடிக்கவில்லை.

வழக்கன்று மொழிபெயர்ப்பாளராக வந்து நின்றவர் தில்லையம்பலம். ஈஸ்ட் ஹாம் தமிழரில் அவரைத் தெரியாதவர் இல்லை. கோயில் சபையில் அவர், கலியாண வீடுகளில் மைக் பிடிப்பவரும் அவர். வக்கீல் அம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, வேண்டுமானால் வேறு ஆளைக் கேட்டு வழக்கைத் தள்ளிப்போடலாம் என்றார். கமலாம்பிகை மாட்டேன் என்றாள். ஊருக்குத் தெரியத்தான் போகிறது, பிழையில்லாமல் தெரியட்டும் என்றாள்.

நடுவருக்கு முன்னால் அவள் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடை, வாகனம், முகாம் எல்லாம் சரியாகவே ஆங்கிலத்தில் போயிற்று. பிறகு அந்த அறைக்குள் நடந்ததைச் சொன்னாள். தில்லையம்பலம் ஒருமுறை செருமினார். அவளை விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கமலாம்பிகைக்குக் கோபம் வந்தது. மேசையில் கையை ஊன்றி எழும்பினாள்.

“சேர், இவர் நிறைய விட்டுவிட்டார்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “நான் சொல்கிறேன். பதினொரு நாள். ஒரு அறை. பூட்டு வெளியில்.”

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். இலக்கணம் அங்குமிங்கும் உடைந்தது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. கணவர் ஏன் மறைத்தார் என்று நடுவர் கேட்டார். “அவர் வெட்கப்பட்டார். நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்” என்றாள். நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தில்லையம்பலம் பின்னால் ஓடிவந்தார். “தங்கச்சி, உங்கட நன்மைக்குத்தான் விட்டனான்.”

“என்ர நன்மையை நான் பாக்கிறன், ஐயா. நான் சொன்னதை மட்டும் நீங்கள் சொல்லுங்கோ, அது காணும்.”

மார்கழியில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு வென்றது, அகதி அந்தஸ்தும் கிடைத்தது. அந்தக் கடிதத்தில் முதல் வரி கமலாம்பிகை, சார்ந்திருப்பவர் கலாவதி. அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

சனம் சும்மா இருக்குமா? தைமாதம் ஒரு பெட்டையின் பூப்புச் சடங்குக்குச் சாமத்திய வீட்டுக்காரர் தொலைபேசியில், பிள்ளையை மட்டும் அனுப்புங்கோ என்று நாசூக்காகச் சொன்னார்கள். கமலாம்பிகை கூறைச் சேலையை உடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். இடம் வசதியாய்ப் போயிற்று என்று கைப்பையை ஒரு கதிரையில் வைத்து, பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அதற்கு அடுத்த கிழமை ஒரு மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. சிவனேஸ்வரி தனியாக நின்றாள். மிட்சமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“அவற்ற கேஸைத் தள்ளுபடி செய்திட்டாங்கள், அக்கா. எங்களையும் போகட்டாம்.”

“உள்ள வா.”

வந்து கதிரையில் இருந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிதத்தையே கனநேரம் பார்த்தாள்.

“எனக்கு ஒன்பது நாள், அக்கா” என்றாள். “கலியாணத்துக்கு முதல். அவருக்குத் தெரியாது.”

கமலாம்பிகை எழும்பிப் போய் அவளுடைய கோட்டைத் தானே கழற்றி ஆணியில் கொழுவினாள். பிறகு தொலைபேசியை எடுத்து வக்கீல் அம்மாவின் இலக்கத்தைச் சுழற்றினாள்.

“திங்கட்கிழமை பத்து மணி” என்றாள், பேசி வைத்துவிட்டுத் திரும்பி. “நான் வாறன். உன்ர பேரை நீயே சொல்லு.”