அவர் பாடாத ரெக்கார்டு

அந்த ஜமைக்கா பாடகரின் ரெக்கார்டுகளில் எது உசத்தி என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ரெகே இசையைக் கரைத்துக் குடித்தவர்கள் எல்லாம் அவருடைய முதல் ஆல்பத்தைத்தான் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என்னிடம் இருந்தவை மூன்று. மூன்றும் கப்பலில் வந்தவை.

எழுபதுகளில் நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சரக்கு இறக்க வந்த ஒரு கப்பலின் சமையல்காரர், அவரும் ஜமைக்காக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்கு வந்தார். என் மனைவி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து இறால் தொக்கும் சோறும் போட்டாள். கப்பல் கிளம்பும் முன் அந்த நல்ல மனிதர் மூன்று எல்.பி. ரெக்கார்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாவது ஒரே துள்ளல். இரண்டாவதில் பாடகர் ஜெபம் செய்வதுபோல் உருகுவார். ஒரு வார்த்தை புரியாமலே எனக்குக் கண் கலங்கும். மூன்றாவதுதான் பேஜாரு. பாட ஆரம்பிப்பார், இரண்டு வரியில் குரல் காணாமல் போய்விடும். அப்புறம் டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் தம் தம்மென்று போய்க்கொண்டிருக்கும். தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன், ரெக்கார்டு பிளேயரின் முள்ளை மாற்றினேன், முள்ளின் தலையில் நாலணா வைத்துப் பார்த்தேன். ம்ஹூம். வேண்டுமென்றே குரலை எடுத்துவிட்டு அப்படிச் செய்வார்கள் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

என் மனைவி கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. டைஃபாய்டு வந்து எழுந்ததும் அவள் குரல் தடித்து, ஆம்பிளைக் குரல்போல் ஆகிவிட்டது. புதிதாக வந்த பாட்டு வாத்தியார் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளி, "வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்றார். அன்றோடு சரி. குழுவுக்கும் போகவில்லை, துணி துவைக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை. கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு? உனுக்கும் கயித கத்துறத கேக்கணுமா?" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பாடாத அவளோடு நான் ஒருநாளும் குடித்தனம் செய்ததில்லை.

ஒருநாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். உள்ளே அந்தக் கெட்டுப்போன ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. நெத்திலி ஆய்ந்துகொண்டே அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாடகர் காலியாக விட்ட இடத்தில், அதே தடித்த குரலில், பேஸ் கிட்டாரோடு தோள் உரசிக்கொண்டு! பாதி மாதா பாட்டு, பாதி மீன்காரிக்கு விழுந்த திட்டு. அந்த வாத்தியார் கேட்டிருக்க வேண்டும். நான் வாசலிலேயே செருப்போடு நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. ரெக்கார்டு கொடுத்த சமையல்காரருக்கும், இடம் விட்ட பாடகருக்கும் இன்றைக்கும் என் ஜெபத்தில் நன்றி உண்டு.

நடுவில் பாடகரின் குரல் திரும்பி வந்தது. போச்சு, நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ மீன் செதில் ஒட்டிய கையை ரெக்கார்டை நோக்கி நீட்டினாள்.

"யோவ், கம்முனு இரு. நான் பாடிகினு கீறேன்ல?"