லத்தீனுக்குப் பூக் கேட்ட கதை

எனக்குப் பதினோரு வயதும் தம்பிக்கு ஒன்பது வயதும் ஆகியிருந்த அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்காரவில்லை. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான எலப்புள்ளியில் வெயில் கொளுத்தியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த லத்தீன் புத்தகம் எது என்று அம்மாவால் முடிவு செய்ய முடியவில்லை.

எங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தவள் அம்மா. காலையில் கணக்கு, பிறகு ஆங்கிலம், வயலைச் சுற்றிவந்து அறிவியல், பதினோரு மணிக்கு லத்தீன். கல்லூரியில் அவள் படித்தது தாவரவியல். செடிகளின் லத்தீன் பெயர்களில் பிடித்த ஆசை, கல்யாணமாகி, நாங்கள் பிறந்து, நெல்லும் தென்னையும் என்று ஆன பிறகும் அவளை விடவில்லை. அப்பாவின் அக்கா வரும்போதெல்லாம், பிள்ளைகளைப் பாதிரியாராக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அம்மா சிரித்துக்கொண்டே சர்க்கரை போதுமா என்பாள்.

முதல் புத்தகம் சித்திரையோடு முடிந்தது. அடுத்ததற்கு இரண்டு புத்தகங்கள் போட்டிக்கு நின்றன. ஒன்று தலையணைத் தடிமன், பக்கத்துக்குப் பக்கம் இலக்கண அட்டவணை, எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றொன்று முழுக்கக் கதை. ஒரு ரொட்டிக் கடைக்காரரும் அவருடைய கழுதையும் வருவார்கள். படித்துக்கொண்டே போனால் இலக்கணம் தானாக ஒட்டிக்கொள்ளுமாம். திங்கட்கிழமை, அட்டவணை இல்லாமல் அடித்தளம் ஏது என்பாள் அம்மா. செவ்வாய்க்கிழமை, சின்னவனுக்கு அது சலித்துவிடும் என்பாள். மாதிரிப் பக்கங்களை அச்செடுத்து எங்கள் முன்னால் வைத்து, யார் எத்தனை நிமிடத்தில் கொட்டாவி விடுகிறோம் என்று கடிகாரம் பார்ப்பாள். பாலக்காட்டில் ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாரைத் தேடிப் போய் யோசனை கேட்டாள். அவர் தனக்கே எல்லாம் மறந்துபோயிற்று என்று சொல்லி, எங்களுக்கு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

வெளிநாட்டிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஊருக்கு வரவிருந்தார். அவர் பெட்டியில் ஒரு புத்தகக் கட்டுக்குத்தான் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லிவிட வேண்டும். அப்பா அதோடு தன் பங்குக்கு ஒரு முடிச்சும் போட்டார். அதற்குள் முடிவாகாவிட்டால் ஜூன் மாதம் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்.

எனக்கு வேண்டியதும் அதுதான். காலை எட்டேகாலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நிற்கும். எதிர்வீட்டுப் பெண் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக ஏறுவாள். உள்ளே இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். வேன் போன பிறகு சாயங்காலம் வரை எனக்குத் தம்பியை விட்டால் ஆள் கிடையாது. அந்தச் சத்தத்துக்குள் போய் உட்கார வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஆனால் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லை. அவள் முகம் எப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்புள்ள, தோட்டத்துல தண்ணிக்குப் போர் போடறதுக்கே பூக் கேட்டுத்தான போட்டோம். இதுக்கும் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கத்தில் மனசு இரண்டுபட்டால் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். அதுதான் வாக்கு. மற்றதைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அம்மனையே சந்தேகப்பட்டதாகிவிடும். இதற்கெல்லாம் சிரிக்கிற ஆள் எங்கள் அம்மா. அன்றைக்கு என்னவோ, "ஆகட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு களைத்திருந்தாள்.

அட்டவணைப் புத்தகத்துக்கு வெள்ளை அரளி, கதைப் புத்தகத்துக்குச் செவ்வரளி என்று முடிவாயிற்று. எடுப்பது தம்பி. பறித்துவந்து பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு நிறத்திலும் பூ கொத்துக் கொத்தாக இருந்தது. நான் பூவைத் தொடாமல் இரண்டு இலைகளைக் கிள்ளி, தாளுக்கு ஒன்றாக மடித்து நூல் சுற்றினேன். சாமி கண்ணைக் குத்திவிடும் என்று உதறல்தான். இருந்தாலும் வேன் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கோயிலில் தம்பி பெரிய மனிதனைப் போல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். பூசாரி பிரித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், உதறியும் பார்த்தார்.

"பூவே வரலீங்களே. ரெண்டுமே வேண்டாம்னு ஆத்தா சொல்றாப்பல இருக்குதுங்க."

அம்மா குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். எந்தக் கணக்கைப் போட்டாலும் விடையைச் சரிபார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொட்டலத்தை மெல்ல அழுத்தினாள். செடி கொடிகளோடு பழகிய விரலுக்கு இலை எது, பூ எது என்று தெரியாமல் இருக்காது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகத் தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

என்ன விஷயம் என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. புள்ளைங்க பள்ளிக்கூடமே போகட்டுங்க" என்றாள் அம்மா. பொட்டலத்தைப் பிரிக்காமலே கிணற்றில் போட்டாள்.

அன்றைக்கே மாமாவுக்குப் புத்தகம் வேண்டாம் என்று தகவல் போயிற்று. அவர் அந்த இடத்தில் சாக்லேட் அடைத்துக்கொண்டு வந்தார். நானும் தம்பியும் அதை மூன்றே நாளில் தீர்த்தோம். ஜூனில் வேன் ஏறினேன். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டு ஜெயித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

முதல் வாரத்திலேயே ரஃப் நோட்டு வேண்டும் என்றார் டீச்சர். அம்மாவிடம் வந்து கேட்டேன். அவள் தன் பீரோவிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பாதிவரை அவளுடைய கையெழுத்து. நாங்கள் செய்த அதே லத்தீன் பயிற்சிகளை முதல் பாடத்திலிருந்து கடைசிவரை அவளும் செய்திருந்தாள். தன் தவறுகளைத் தானே சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று மார்க்கும் போட்டிருந்தாள். ஓரிடத்தில், கவனம் போதாது என்று தன்னையே கடிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரரும் கழுதையும் வரும் முதல் பத்தி, அதற்குக் கீழே அந்தத் தலையணைப் புத்தகத்தின் முதல் அட்டவணை.

"மிச்சத்தக் கிழிச்சுக்கோ கண்ணு. இனி அதெதுக்கு" என்றாள்.

தையல் விட்டுப்போகாமல் இருக்க நோட்டின் முதுகை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நல்ல வழவழப்பான தாள். இனி அம்மாவுக்கு வேலை குறைவு, பதினோரு மணிக்கு நிம்மதியாகக் கொஞ்சம் படுக்கலாம் என்று அவளுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே, எழுதாத பக்கங்களை ஒன்று விடாமல் கிழித்தேன்.