தந்தி அக்காவும் கறுப்புத் திரையும்

எங்கள் மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை தந்தி அக்காவுடையது. உட்கார்ந்தால் தந்தி மாதிரி விடாமல் தட்டுவார் என்பதால் அந்தப் பெயர். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை அறிக்கையாக அடித்துத் தருவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. ஓய்வுபெற நான்கு வருடம் இருக்கும்போது, எல்லாக் கணினிகளிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆறு பேருக்குப் பத்து நாள் பயிற்சி, கடைசி நாள் தேர்வு, தேறாதவர்கள் கீழ்த்தளத்துப் பழைய பதிவறைக்கு என்று சுற்றறிக்கை வந்தது. அந்த ஆறு பேரில் நானும் உண்டு.

பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. ஏணியில் ஏறி மூட்டை மூட்டையாகக் கோப்புகளை இறக்க வேண்டும். அக்காவின் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டு வருடம் இரண்டாகிறது. இது தெரிந்தேதான் எங்கள் பிரிவின் சூப்பிரண்டு வந்து குழைந்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு? பேசாம கீழ போய் நிம்மதியா இருங்க."

"நிம்மதியா இருக்கணும்னா வீட்டுலயே இருந்திருப்பேனே சார்" என்றார் அக்கா. அந்த ஆள் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் அக்காவுக்கு மானம் போயிற்று. பழைய திரையில் எது எங்கே என்று விரலுக்கே தெரியும். புதிய திரையில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. மவுஸைப் பிடித்தால் அம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சூப்பிரண்டு பின்னால் நின்று, "பிடிங்க, பிடிங்க, ஓடுது பாருங்க" என்று வேடிக்கை காட்டினார். நாங்களும் சிரித்தோம். நான் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மூன்றாம் நாள் அக்கா மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். இது இல்லாமல் ஓட்ட வழி உண்டா என்று பயிற்சி தர வந்த பெண்ணைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி ஒரு கறுப்புத் திரையைத் திறந்து காட்டினாள். அதில் படமும் இல்லை, அம்பும் இல்லை. இரண்டு மூன்று எழுத்தில் கட்டளை அடித்தால் கோப்புகளைப் பட்டியல் போடும், நகல் எடுக்கும், பெயர் மாற்றும். பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்தை அடித்தால்கூட ஒத்துக்கொள்ளாது. நாங்கள் மிரண்டோம், அக்காவுக்கோ அதைப் பிடித்துவிட்டது. தப்பைத் தப்பென்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஒரே ஜென்மம் இந்த ஆபீஸில் இதுதான் என்றார்.

இதில் அழித்தால் அழித்ததுதான், குப்பைத்தொட்டி கிடையாது என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தாள். ஐந்தாம் நாள் நான்கு பக்க அறிக்கை ஒன்றை அக்கா கைதவறி அழித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து அடித்து முடித்தார். அன்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தெரிஞ்ச வேலையை இந்த வயசுல முதல்ல இருந்து கத்துக்கறது எவ்வளவு அவமானமா இருக்கு தெரியுமா? ஆனா கீழ மட்டும் போகமாட்டேன்."

தேர்வுக்கு முந்தின நாள் சூப்பிரண்டு ஒரு தாளை அக்காவிடம் நீட்டி, அடித்துத் தயாராக வைக்கச் சொன்னார். அது அக்காவையே பதிவறைக்கு அனுப்பும் மாறுதல் உத்தரவு. எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா ஒரு பிழையில்லாமல் அடித்துத் தன் கோப்புறையில் சேமித்தார்.

தினமும் அந்தப் பெண்தான் கடவுச்சொல் அடித்து எங்களுக்காகக் கணினியைத் திறந்துவைப்பாள். தேர்வன்று அவள் வரத் தாமதம். சூப்பிரண்டே வினாத்தாளையும் அவரவர் கடவுச்சொல் எழுதிய சீட்டையும் கொடுத்து, ஆரம்பியுங்கள் என்றார். தேர்வு எல்லோருக்கும் கறுப்புத் திரையில்தான், அது கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். எழுத்து விழவில்லை, ஒரு புள்ளிகூட விழவில்லை. என் கீபோர்டு செத்துவிட்டது என்றேன். அடுத்தவர் தன்னுடையதும் செத்தது என்றார். ஸ்டோருக்கு ஓடி இரண்டு கீபோர்டு தூக்கிவந்து மாட்டினேன், அவையும் அப்படியே. சூப்பிரண்டும் இரண்டு விரலால் குத்திப் பார்த்துவிட்டு, எல்லாமே பழுது, தேர்வு ரத்து, ஆறு பேரும் தற்காலிகமாகக் கீழே போங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங் வகுப்பில் விசைகளைத் துணியால் மூடிவைத்துப் பழகிய கை அது, கண்ணை நம்பியதே இல்லை. என்டரைத் தட்டினார். திரை திறந்தது.

"எழுத்து தெரியலன்னா அடிக்கலன்னு அர்த்தமா சார்? பக்கத்துல இருக்கறவங்க பாத்துடக் கூடாதுன்னு மறைக்குது, அவ்வளவுதான்."

நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து எங்கள் கடவுச்சொல்லை அடித்தோம். எல்லாம் திறந்தது. அதற்குள் பயிற்சிப் பெண்ணும் வந்துவிட்டாள். அக்கா ஒவ்வொன்றாகச் செய்து காட்ட, அவள் சரி போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்வி, உங்கள் கோப்பு ஒன்றை அழிக்கவும்.

அக்கா பட்டியலை எடுத்து, அழிக்கும் கட்டளையோடு தன் மாறுதல் உத்தரவின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தார். என்டர். பெண் கடைசிச் சரியையும் போட்டாள்.

சூப்பிரண்டு குனிந்து திரையைப் பார்த்தார். "அதுக்கு வேற காப்பி இருக்கும்ல?"

"இல்ல சார். வேணும்னா நீங்களே அடிச்சுக்கோங்க" என்று கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார் அக்கா.