ரொம்பத் தெளிவு

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டார். ஆற்றுக்கு இந்தக் கரை நம் நாடு, அந்தக் கரை பக்கத்து நாடு. முன்னே ஒரு தடவை எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். அப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு நாட்டு வீரர்களும் ஒரே படகில் ரோந்து போக வேண்டும். இரண்டு காவல் நிலையத்துக்கும் நேரடித் தொலைபேசி இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று தினமும் காலை பத்து மணிக்குப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதுதான் அவர் வேலை. சின்ன அறை. ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. மேலே சாம்பல் நிறத் தொலைபேசி. "குரல் தெளிவா?" என்று ஒருவர் கேட்க வேண்டும், "தெளிவு" என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. எல்லாம் பதிவாகும்.

அந்தக் கரை ஆளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை செருமுவார். வீட்டில் அவருக்குப் பத்துமணிக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம்.

என் தம்பி வந்தால் கேலி பண்ணாமல் இருக்கமாட்டான். "மாமா, ஒரு வார்த்தைக்குச் சம்பளம் தர்றாங்க உங்களுக்கு. நான் விடிஞ்சா அடைஞ்சா பேசறேன், ஒருத்தனும் ஒண்ணும் தரமாட்டேங்கறான்."

"நீ பேசாம இருந்தா தருவாங்கடா," என்பார் இவர்.

எங்கள் மகள் பிறந்த அன்று சந்தோஷத்தில் இவருக்கு வாய் தவறிவிட்டது. "ரொம்பத் தெளிவு" என்று சொல்லிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு மாதம் கழித்து அந்தப் பக்கமிருந்து அதே வார்த்தை வந்தது. இவர் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தார். "அவருக்கும் ஏதோ நல்லது நடந்திருக்கு!" முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக அன்று நான் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். அதற்குப் பிறகும் சில தடவை அந்த வார்த்தை ஆற்றைக் கடந்து வந்தது, போனது. வீட்டில் நல்லது நடந்தால் மட்டும்தான்.

தம்பிக்குக் கோரை அறுக்கிற தொழில். பனியில் இரண்டு தடவை அவன் படகு அந்தக் கரைக்கு ஒதுங்கியது. இரண்டு தடவையும் ரோந்துப் படகு கொண்டுவந்து விட்டது. "ஆறு என்ன உன் மாமனார் வீடான்னு கேக்கறான்க்கா அந்த ஊர் சிப்பாய்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பத்தொன்பதாம் வருஷம் இரண்டு அரசாங்கத்துக்கும் மனஸ்தாபம். ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. சேர்ந்து போகிற ரோந்து நின்றது. தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை போல.

அப்படி ஒரு பனி நாளில் போன தம்பி திரும்பவில்லை. அக்கரையில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டதாக மீன்காரர் சொன்னார். அதிகாரியிடம் ஓடினேன். "பேச்சுவார்த்தையே இல்லம்மா இப்ப. நான் யாருக்குக் கடுதாசி போட?" என்றார்.

மூன்றாம் நாள் காலை இவரிடம் கெஞ்சினேன். "ஏங்க, ஒரே ஒரு வார்த்தை கேளுங்க."

"அது ஊரைக் காப்பாத்தறதுக்கு வெச்ச தொலைபேசி. அதுல போய் வீட்டு விஷயத்தை..."

"என் தம்பி இந்த ஊர்ல இல்லையா?"

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்து மணிக்குக் கேட்டுவிட்டார். "குரல் தெளிவா? கோரைக்காரர் என் மச்சினன்." அந்தப் பக்கம் இரண்டு செருமல். மறுபடி ஒன்று. பிறகு, "தெளிவு." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரொம்பன்னு சொல்லல," என்றார்.

"பயந்திருப்பாருங்க. எல்லாம் பதிவாகுதே."

"நானும் பயந்துகிட்டுதான் கேட்டேன்."

கெட்டதுதான் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தம்பியின் சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் பாலத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் வெள்ளைக்கோடு. அதிகாரிகள் கை குலுக்காமல் காகிதம் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் என் தம்பியைத் தூக்கிவந்தார்கள். கோட்டருகில் இறக்கும்போது அவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டு தடவை செருமினார். என் வீட்டுக்காரர் என் கையை இறுகப் பிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த மனிதர் குனிந்து, தம்பியின் காலில் விலகியிருந்த துணியை இழுத்து மூடிவிட்டுப் பின்னால் போனார்.

கூடுதலாகப் பேசியதற்கு இவரை விசாரித்து வாயில்காவலுக்கு மாற்றினார்கள். அந்த மனிதரை என்ன செய்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் கேட்கச் சொன்னதால் வந்த வினை. தினமும் அவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் எனக்குப் பத்துமணிக்காரர்மேல் கோபம்தான். "ஒரு பேச்சுக்காவது ரொம்பன்னு சொல்லியிருக்கலாம். நாலு நாள் நிம்மதியா இருந்திருப்பேன்," என்றேன்.

"அப்புறம் அந்த வார்த்தைய நாங்க எப்படி நம்பறது?" என்றார் இவர்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, காலை பத்துக்குக் கொஞ்சம் முன்னால். இவர் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் தொலைபேசி இல்லை.