கிளையை எடுக்கச் சொன்னார்கள்

விளம்பரப் படங்கள் எடுக்கும் அந்த ஸ்டுடியோவில் அவளுக்குச் சிலந்தி என்று பெயர். எந்தப் படமானாலும் பெரிய தாளைத் தரையில் விரித்து, நடுவில் வட்டம் போட்டு, அதிலிருந்து கிளை இழுத்து, கிளைக்குள் கிளையாகப் பிரித்துக்கொண்டே போவாள். மேனேஜர் எங்கேயோ பயிற்சிக்குப் போய் வந்து, இதற்குப் பெயர் மைண்ட் மேப் என்று அவளுக்கே வகுப்பு எடுத்தார். அவளும் சமர்த்தாகத் தலையாட்டினாள். பெயர் தெரியாமலேயே அவள் வீட்டில் பல காலமாக நடந்துவரும் பேச்சுவார்த்தை அது.

அவள் அம்மா துணி மில்லில் தறி ஓட்டியவள். தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்குச் சூப்பர்வைசர் சிரித்தாராம். காது போன பிறகு மகள் எதைச் சொல்வதென்றாலும் தாளின் நடுவில் ஒரு வார்த்தை எழுதிக் கோடுகள் இழுப்பாள். "மாடி வீட்டம்மா" என்று எழுதி, வந்தாங்க, கேட்டாங்க என்று இரண்டு கிளை இழுப்பதற்குள், அம்மா பேனாவை வாங்கி மூன்றாவதாக "வாயாடி" என்று ஒன்று இழுத்துவிடுவாள்.

அதே மில்லின் ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கும் வேலை ஸ்டுடியோவுக்கு வந்தது. மகள் வீட்டில் தாளை விரித்தாள். நடுவில் மில். சுற்றிலும் பருத்தி, தறி, சாயம், ஏற்றுமதி. தறியிலிருந்து இன்னொரு கிளை இழுத்து "சத்தம்" என்று எழுதினாள். அம்மா பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் "காது" என்று எழுதினாள். கீழே பொடி எழுத்தில், "என் பேர் வேண்டாம்." வேலையை விட்டு இத்தனை காலமாகியும் அந்த மில்லின் மேல் பயம் போகவில்லையே என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டுடியோ சுவரில் மாட்டிய அந்தத் தாளை மில் முதலாளி நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் பிரமாதம். இந்த ஒரு கிளைய மட்டும் எடுத்துடுங்க. தறி ஓடறப்ப நல்ல மியூசிக் போட்டுக்கலாம்."

"அது காது போனவங்களோட கிளை சார்."

"தெரியுதும்மா. அதனாலதான் சொல்றேன்."

மேனேஜர் குறுக்கே புகுந்தார். "ஒரு கோடுதானே, அழிச்சிடு. வேணாம்னா வெட்டிக்கலாம்னுதானே மேப் போடறது."

மறுத்தால் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் அந்தப் பொடி எழுத்து கண்ணை விட்டுப் போகவில்லை. புதுத் தாள் ஒன்றை அதன் மேலே மாட்டினாள். நடுவில் வட்டம் போட்டு, "சத்தம்" என்று எழுதினாள். சுற்றிலும் தறி, காது, சூப்பர்வைசர் சிரிப்பு. கடைசியாக ஒரு மூலையில், மில்.

"எடுத்துட்டேன் சார். இப்ப உங்க மில்லுதான் கிளை."

முதலாளி எழுந்து போய்விட்டார். மேனேஜருக்கு முகம் வெளிறியது. "நாளைலேருந்து நீ வர வேண்டாம்."

"வர்றதா இல்ல சார். தாள் என்னோடது," என்று அவள் இரண்டு தாளையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டாள்.

அந்தப் படத்தை எடுக்க வேண்டிய கேமராக்காரரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கேமரா என்னோடது."

வீட்டில் அம்மா புதுத் தாளைக் கோடு கோடாக விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு, தெருவுக்கே கேட்கும் குரலில் கேட்டாள்: "என் பேரு எங்கடி?"

பழைய தாளில் அம்மா எழுதியிருந்ததை மகள் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப ஓரத்துல இருந்தேன். சரின்னு விட்டேன். இப்ப என் காது போன கதைய நடுவுல கொண்டாந்து வெச்சிட்டுப் பேர் இல்லாம விடுவியா?"

பேனாவைப் பிடுங்கி, இனிஷியலோடு தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். அதோடு விடாமல், தன்னோடு தறி ஓட்டிக் காது போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்துப் பெயர் எழுத ஆரம்பித்தாள். தாள் போதவில்லை. மகள் இன்னொரு தாளைக் கொண்டுவந்து ஒட்டினாள்.