மணப்பாட்டில் நழுவிய பாறை மீன்

துபாயிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்திருந்த என் கணவர், மணப்பாட்டுக் கடற்கரையே கதியென்று கிடந்தார். வெயில் தாழ்ந்ததும் தூண்டிலும் இறாலுமாகக் கிளம்பிவிடுவார். ஒரு மீனும் சிக்கியபாடில்லை. எனக்கோ, இனி துபாய் வேண்டாம் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். துபாய்ப் பணத்தில் பாதி கட்டிய வீட்டைப் பார்த்ததும் வாய் வரவில்லை. விடுமுறை முடியச் சில நாட்களே இருக்கையில் நானும் கூடப் போனேன்.

"இங்கன உக்காரு. இதக் கொஞ்சம் பிடி" என்று தூண்டிலைக் கொடுத்துவிட்டு இறால் உரிக்கத் தொடங்கினார்.

சட்டென்று கம்பு வளைந்தது. "என்னங்க, இழுக்கு" என்று கத்தினேன்.

"ஏளா, பாறை மீனு. நூலை விட்டுப் பிடி" என்றபடி ஓடிவந்து, அலையில் நான் சாயாமல் தாங்கிக்கொண்டார். பயமும் சிரிப்புமாக இருந்த அந்த நேரத்தில் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "நீங்க திரும்பிப் போவாண்டாம்."

அவர் கம்பை மறந்து என் முகத்தைப் பார்த்தார். நூல் தளர்ந்தது, மீன் போய்விட்டது.

"எனக்கும் போவ மனசில்ல. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் தெனமும் இங்கன வந்து உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் போகவில்லை. இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். செலவு கையைக் கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அன்று அந்த மீன் கடிக்காமல் இருந்திருந்தால், ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்போம், அவரும் விமானம் ஏறியிருப்பார். நினைத்தால் இன்றும் திக்கென்கிறது.