சண்முகலிங்கத்தின் செம்மரம்

சனிக்கிழமை தலைக்கு வைத்த நல்லெண்ணெயில் உள்ளங்கையில் மிஞ்சியதைச் சண்முகலிங்கம் வீணாக்குவதில்லை. நேரே முன்னறைக்குப் போய், கண்ணாடி அலுமாரியில் இருக்கிற சீனத்துச் சாமான்களுக்குப் பூசுவார்: வேர்மரத்தில் குடைந்த தூரிகைக் குவளை, மலை வடிவத் தூரிகைத் தாங்கி, எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதும்போது கை மையில் படாமல் மணிக்கட்டுக்குக் கீழே வைக்கிற மரத்துண்டு. அந்தக் காலத்துச் சீனப் பண்டிதர்களின் மேசையில் இருந்த சாமான்களாம்.

"நான் பள்ளிக்கூடத்து ஓஎல் சோதினையிலயே கோட்டை விட்டவன். வீட்டில கிடக்கிறது முழுக்கப் பண்டிதமாரின்ர சாமான்!" என்று அவரே சொல்லிக் குலுங்கிச் சிரிப்பார். அந்த மரத்தில் கையை ஊன்றி அவர் இதுவரை எழுதியது கடைக்குப் போகிற பட்டியல்தான்.

அது அசல் செம்மரம் என்பது அவர் கட்சி. பதினொரு வருடத்துக்கு முன் பியர்பொன்ட்ஸ் பக்கம் யாரோ வீட்டுக் கராஜில் பழைய சாமான் விற்றபோது எடுத்தது. "எங்கட பக்கத்து மரம் பாருங்கோ. சீனாவில போய்ப் படிச்சுப்போட்டு, கடைசியில என்னை மாதிரி இஞ்ச, இந்தப் பனி நாட்டில வந்து குந்தியிருக்கு." செம்மரம் தண்ணீரில் போட்டால் அடிக்குப் போய்விடும் என்றும் அவரே விளக்குவார். சரி, போட்டுப் பார்ப்போமே என்றால் மட்டும், "பேந்து பாப்பம், ஈரம் பட்டா வெடிச்சுப்போடும்" என்று நழுவிவிடுவார்.

லொங்குய்ய் பேக்கரியில் இருபத்திரண்டு வருடமாக மா உருட்டுகிற கை அவருடையது. உருண்டையில் பத்துக் கிராம் குறைந்தாலும் கை சொல்லிவிடும். அந்தக் கையிடம் இந்த மரத்தின் பாரத்தை மட்டும் அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இப்போது வந்தது வினை. அஹுன்ட்சிக் நூலகத்தில் சீனப் புத்தாண்டுக் கண்காட்சி. சீன எழுத்துக்கலை சொல்லிக்கொடுக்கிற லின் அம்மையார் மரத்துண்டைக் கேட்டிருக்கிறார். 'செம்மரம், சண்முகலிங்கம் சேகரிப்பு' என்று பக்கத்தில் அட்டை வைப்பார்களாம். மனிதருடைய பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. இன்று பின்னேரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"விசயம் தெரிஞ்ச சீனாக்காரர் வருவினம். பொய்யெண்டா மானம் கப்பலேறிப் போகுமப்பா," என்று மனைவி செல்வமலர் குசினித் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டுத் தேத்தண்ணி வைக்கத் திரும்பினார்.

"வெடிச்சா நீர்தான் பொறுப்பு," என்று முனகிக்கொண்டே சண்முகலிங்கம் மரத்தை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் விட்டார். அது ஒரு முழுக்குப் போட்டது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மேலே வந்து ஆடியாடி மிதந்தது.

"என்னப்பா, அடிக்குப் போயிட்டுதே?" செல்வமலர் திரும்பாமலே கேட்டார்.

"ஓமப்பா, போயிட்டுது," என்ற சண்முகலிங்கம், ஒற்றை விரலால் அதை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.